டிரைவுக்குத் தகடு தேவையா?

பிளேஸ்டேஷன் 5இல் கூடுதல் டிரைவ் பொருத்துகிறவர்கள் ஹீட்சிங்க் வாங்குவதா வேண்டாமா என்று குழம்புகிறார்கள். பதில் பாதி டிரைவில் இருக்கிறது, மீதி அறையில்.

டில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூர் எஸ்.பி. சாலை, சென்னை ரிச்சி தெரு. எந்தக் கம்ப்யூட்டர் கடைவீதிக்குப் போய் பிளேஸ்டேஷன் 5க்கு ஒரு எஸ்எஸ்டி டிரைவ் வேண்டும் என்று கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி வரும்: "ஹீட்சிங்க் வைத்ததா, வைக்காததா?" கேட்டவர் விழிப்பார். வெறும் டிரைவே போதும் என்பார் ஒரு கடைக்காரர். தகடு இல்லாவிட்டால் டிரைவ் கருகிவிடும் என்று பயமுறுத்துவார் பக்கத்துக் கடைக்காரர். இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மையும் நிறைய வியாபாரமும் இருக்கின்றன.

கூடுதல் டிரைவ் என்பது ஆடம்பரமல்ல. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பரில் வெளிவந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய் விலையில் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த சேமிப்பிடம் 825 ஜிபி. சாதனத்தின் சொந்த மென்பொருள் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக விளையாட்டுகளுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 667 ஜிபி. இன்றைய பெரிய விளையாட்டுகளில் பல 100 ஜிபியைத் தாண்டுகின்றன. ஆறு விளையாட்டுகளை ஏற்றிவிட்டால் ஏழாவதுக்கு இடமில்லை. ஒன்றை அழிக்க வேண்டும். அழித்ததை மறுபடி ஆடத் தோன்றினால் மீண்டும் டவுன்லோட் செய்ய வேண்டும். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபியை இறக்க நாலரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் மின்சாரமும் இணைப்பும் ஒத்துழைத்தால். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் மெமரி கார்டில் 128 கிலோபைட்தான் இடம் இருந்தது. விளையாட்டு முழுவதும் சிடியிலேயே இருந்ததால் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

இந்த நெருக்கடிக்குச் சோனி முதலிலேயே ஒரு வழி வைத்திருந்தது. வெளிப்பக்க வெள்ளைப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு நீண்ட பள்ளம் இருக்கும். கம்ப்யூட்டர்களுக்கு விற்கப்படும் எம்.2 வகை எஸ்எஸ்டியை வாங்கி அதில் பொருத்திக்கொள்ளலாம். முதல் பத்து மாதம் இந்த இடம் பூட்டியே கிடந்தது. 2021 செப்டம்பர் 15 அன்று வந்த மென்பொருள் மாற்றத்தில்தான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. முதலில் 4 டெராபைட் வரை அனுமதி, 2023 செப்டம்பரிலிருந்து 8 டெராபைட் வரை. 2023இல் வந்த மெலிந்த மாடலில் உள் சேமிப்பு 1 டெராபைட் ஆனது. 2024இல் வந்த புரோ மாடலில் 2 டெராபைட். இரண்டிலும் அந்தக் காலிப் பள்ளம் அப்படியே தொடர்கிறது.

போட்டியாளரான மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மற்றும் எஸ் சாதனங்களின் பின்னால் ஒரு துளை. அதில் இதற்கென்றே தயாரித்த கார்டைச் செருகினால் போதும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஹீட்சிங்க் கேள்வியும் இல்லை. ஆனால் 2023 வரை அந்தக் கார்டை சீகேட் ஒன்றுதான் செய்தது, அதன் விலையும் அதற்கேற்ப இருந்தது. சோனியின் ஏற்பாட்டில் கடைவீதியின் போட்டி வாங்குபவருக்கு லாபம். அதற்குக் கூலியாகச் சில பொறியியல் தீர்மானங்களை அவரே எடுக்க வேண்டியிருக்கிறது. அதில் முக்கியமானது இந்தத் தகடு.

சோனியின் அதிகாரபூர்வமான விளக்கத்தில் குழப்பம் எதுவும் இல்லை. டிரைவ் பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. வெப்பத்தைத் திறம்பட வெளியேற்ற ஹீட்சிங்க், வெப்பம் கடத்தும் பட்டை போன்ற குளிர்விக்கும் அமைப்பு அவசியம். டிரைவிலேயே அது ஒட்டி வந்தாலும் சரி, வாங்கியவர் தனியாக வாங்கி மாட்டினாலும் சரி. ஆனால் சாதனம் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. வெறும் டிரைவைச் செருகி மூடினாலும் ஏற்றுக்கொள்கிறது, ஃபார்மட் செய்கிறது, விளையாட்டை ஓட்டுகிறது. அவசியம் என்று எழுதப்பட்ட ஒன்று இல்லாமலேயே எல்லாம் நடக்கிறது என்றால் வாங்குபவருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது, மோட்டார் கிடையாது. பிறகு ஏன் சுட வேண்டும்? 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சின்ன அட்டையில் இரண்டு வகைச் சிப்கள் இருக்கின்றன. தகவலைச் சேமித்து வைப்பவை ஃபிளாஷ் மெமரி சிப்கள். எந்தத் தகவலை எங்கே வைப்பது, எங்கிருந்து எடுப்பது, பிழை இருந்தால் எப்படித் திருத்துவது என்று நொடிக்குப் பல லட்சம் முடிவுகளை எடுப்பது கன்ட்ரோலர் சிப். அது விரல் நகம் அளவுதான் இருக்கும். சூட்டின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. மூன்றாம் தலைமுறை டிரைவ்களின் வேகம் நொடிக்குச் சுமார் 3,500 எம்பி. நான்காம் தலைமுறையில் அது 7,000ஐ எட்டியது. வேகம் இரட்டிப்பானால் அந்த நகத்துக்குள் நடக்கும் வேலையும் கூடுகிறது.

முழு வேகத்தில் ஓடும் நான்காம் தலைமுறை டிரைவ் ஒன்று 6 முதல் 8 வாட் வரை மின்சாரம் எடுக்கக்கூடும். கேட்பதற்கு அற்பம்தான். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது அற்பமல்ல என்று புரியும். அந்தக் கழுத்துக்குள்ளும் ஓர் அலுமினியத் துண்டு இருக்கிறது, இதே காரணத்துக்காக.

நிலைமை வருடத்துக்கு வருடம் மாறியும் வருகிறது. 2019இல் முதலில் வந்த நான்காம் தலைமுறை டிரைவ்களின் கன்ட்ரோலர், 28 நானோமீட்டர் என்ற பழைய முறையில் செய்யப்பட்டது. அடுத்து வந்தவை 12 நானோமீட்டருக்கு இறங்கின. சாம்சங் 990 புரோ டிரைவில் இருப்பது 8 நானோமீட்டர் சிப். நுணுக்கம் கூடக் கூட அதே வேலைக்கு ஆகும் மின்சாரம் குறைகிறது. பிளேஸ்டேஷன் பள்ளம் திறக்கப்பட்ட 2021இல் கடைகளில் இருந்த டிரைவ்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட பயங்கள் இன்றைய டிரைவ்களுக்கு அப்படியே பொருந்தாது. ஐந்தாம் தலைமுறை டிரைவ் வாங்கிப் பெருமைப்படுகிறவர்கள் கதை வேறு. அவை இன்னும் அதிகம் கொதிக்கும். பிளேஸ்டேஷனில் நான்காம் தலைமுறை வேகத்துக்கு மேல் ஓடவும் செய்யாது. அது பணத்துக்குப் பிடித்த கேடு.

டிரைவ் கருகிவிடும் என்ற பக்கத்துக் கடைக்காரரின் எச்சரிக்கை மிகை. சந்தையில் உள்ள பெரும்பாலான டிரைவ்களுக்கு அவற்றின் நிறுவனங்கள் குறிப்பிடும் உச்ச வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ். எல்லை நெருங்கும்போது டிரைவில் இருக்கும் வெப்ப உணரி விழித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். மலைப்பாதையில் என்ஜின் சூடாவதைக் கண்டு லாரி ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது போல. சூடு தணிந்ததும் வேகம் திரும்பும். ஆக, முதல் நஷ்டம் வேகத்தில்தான்.

அந்த வேகம் உண்மையில் எவ்வளவு தேவைப்படுகிறது? கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்டில் விளையாட்டை இறக்கும்போது நொடிக்கு டிரைவில் எழுதப்படுவது 12.5 எம்பி. நொடிக்கு 5,000 எம்பி எழுதக்கூடிய டிரைவுக்கு இது நானூறில் ஒரு பங்கு வேலை. இரவெல்லாம் டவுன்லோட் நடந்தாலும் டிரைவ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். டிஸ்க்கிலிருந்து ஏற்றினாலும் நொடிக்குச் சில பத்து எம்பிதான்.

ஆடும்போது? பிளேஸ்டேஷன் 5இன் மொத்த நினைவகம் 16 ஜிபி. நொடிக்கு 5.5 ஜிபி என்ற வேகத்தில் படித்தால் அது முழுவதும் மூன்றே நொடியில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு காட்சி மாறும்வரை டிரைவுக்குப் பெரிய வேலை இல்லை. ஆடுபவர் எதிரியைச் சுட்டுக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் டிரைவ் அவ்வப்போது சில துண்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கும். ஒரு உலகத்திலிருந்து இன்னொரு உலகத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவுவதையே பெருமையாகக் காட்டிய விளையாட்டு ராட்செட் அண்டு க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட். 2021இல் டிஜிட்டல் ஃபவுண்டரி குழுவினர், சோனி பரிந்துரைத்ததைவிட வேகம் குறைந்த டிரைவில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். ஆடுபவர் கண்ணில் படும்படி பெரிய வித்தியாசம் இல்லை. டிரைவ் சூடாகி வேகம் பாதியாகக் குறைந்தால்கூடப் பலருக்குத் தெரியாமலே போகலாம்.

டிரைவை உண்மையாகவே வாட்டும் வேலை ஒன்று உண்டு. சாதனத்தின் உள் சேமிப்பிலிருந்து பெரிய விளையாட்டுகளைப் புதிய டிரைவுக்கு நகர்த்துவது. அப்போதுதான் நிமிடக் கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டியிருக்கும். புது டிரைவ் வாங்கிய முதல் நாளில் எல்லோரும் செய்வது அதைத்தான். ஆனால் தினமும் செய்வதில்லை.

ஆக, வெறும் டிரைவே போதும் என்பவர்கள் கட்சி வலுவானது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை அவர்கள். பலர் அப்படிப் பொருத்தி வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு எதற்குத் தகடு?

இங்கேதான் அறை உள்ளே வருகிறது. பிளேஸ்டேஷன் 5 கையேட்டில் எழுதியிருப்பதன்படி அது இயங்க வேண்டிய சூழல் 5 முதல் 35 டிகிரி வரை. லண்டனிலோ சியாட்டிலிலோ உட்கார்ந்து வெறும் டிரைவைச் சோதித்துப் பார்ப்பவரின் அறை வருடத்தின் பெரும்பகுதி 20, 22 டிகிரியில் இருக்கும். நாக்பூரில் மே மாதம் வெளியே 42 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. ஏ.சி. இல்லாத மாடி அறை, மேலே கான்கிரீட் தளம், பகல் முழுக்க வாங்கிய வெயிலை அது இரவில் திருப்பிக் கொடுக்கும். பத்து மணிக்கும் உள்ளே 36, 37 டிகிரி. இதில் கதவைச் சாத்திக்கொண்டு ஆட உட்கார்ந்தால் இன்னும் மோசம். கடினமான விளையாட்டு ஓடும்போது பிளேஸ்டேஷன் ஏறத்தாழ 200 வாட் எடுக்கிறது. அத்தனையும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். சாதனத்தை இயக்குவது, அறையில் கூடுதலாக இரண்டு விருந்தினரை உட்கார வைப்பதற்குச் சமம்.

டிரைவின் வெப்பநிலை இரண்டு எண்களின் கூட்டல். ஒன்று அறையின் வெப்பம். இன்னொன்று டிரைவ் தன் வேலையால் அதற்கு மேல் ஏற்றிக்கொள்வது. 25 டிகிரி அறையில் ஒரு வெறும் டிரைவ் 55 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கவலைப்பட ஒன்றுமில்லை. அதே டிரைவ், அதே விளையாட்டு, அறை மட்டும் 40 டிகிரி. டிரைவ் 70 டிகிரியில் நிற்கும். அதாவது எல்லைக்கோட்டின் மேலேயே. குளிர்நாட்டுக்காரருக்குத் தேவையில்லாத தகடு நாக்பூர்க்காரருக்குத் தேவைப்படுவது இதனால்தான். பெங்களூர், சிம்லா வாசிகள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம். போவதற்கு முன்னால் அவர்களும் பள்ளத்தின் அளவைப் பற்றிக் கீழே வருவதை மட்டும் பார்த்துவிடுவது நல்லது.

ஹீட்சிங்க் இந்த இரண்டாவது எண்ணை மட்டுமே குறைக்கும். முதல் எண்ணின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை. மண்பானையில் ஊற்றிய தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் பானையின் துளைகள் வழியே கசிந்து ஆவியாகும் நீர். அலுமினியத் தகட்டில் எதுவும் ஆவியாவதில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது டிரைவை அறையைவிடக் குளிர வைக்காது. அறை 40 டிகிரி என்றால் டிரைவுக்கு மட்டுமல்ல, சாதனத்துக்கே அது அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே. அதற்குத் தகடு மருந்தல்ல.

பிறகு அது என்னதான் செய்கிறது? வெப்பத்தைப் பரப்புகிறது, கொஞ்ச நேரம் தாங்கியும் கொள்கிறது. இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. 20 கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 18 ஜூல் வெப்பம் வேண்டும். டிரைவ் 7 வாட் வீதம் மூன்று நொடி வேலை செய்தால் பிறப்பது 21 ஜூல். தகடு ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாக ஏறும், அவ்வளவுதான். வெறும் டிரைவின் எடையே பத்து கிராமுக்குள். அங்கே அதே வெப்பம் நகம் அளவுச் சிப்பில் குவிந்து பல டிகிரி ஏற்றிவிடும். விளையாட்டில் வேலை வருவது திடீர் திடீரென்று, சில நொடிகளுக்கு. இந்த மாதிரி வேலைக்கு ஒரு சாதாரண உலோகத் துண்டே நல்ல அணை. சீப்பு போலப் பல் வைத்த விலையுயர்ந்த தகடுகள் காற்று வீசும் இடத்தில்தான் தங்கள் திறமையைக் காட்டும். பிளேஸ்டேஷனில் டிரைவ் இருப்பது மூடி போட்ட ஒரு தொட்டிக்குள். 120 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பெரிய விசிறி அந்தச் சாதனத்துக்குள் இருக்கிறது என்பது உண்மை. அது முக்கியமாக உழைப்பது மத்தியச் சிப்புக்காக. எனவே கடையில் 'சூப்பர் கூலிங்' என்று எழுதிய பெட்டியைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்த் தகடு போதும்.

விளையாட்டுச் சாதனங்களும் வெப்பமும் என்றால் தொழில்துறையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எக்ஸ்பாக்ஸ் 360. 2005இல் வந்த அந்தச் சாதனத்தில் முன்பக்கம் சிவப்பு வளையம் ஒளிர்ந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். பழுதுகள் குவிந்து, 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டித்த மைக்ரோசாஃப்ட் அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. காரணத்தை அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் 2021இல் ஓர் ஆவணப்படத்தில் விளக்கினார்கள். சூடு மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறி, அந்த ஏற்ற இறக்கத்தில் சிப்புக்குள் இருந்த இணைப்புகள் விட்டுப்போயின. இன்றைய எஸ்எஸ்டிக்கு அந்தக் கதி வரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மின்னணுப் பொருள் தினமும் எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது என்பதும் ஒரு கணக்கு என்பதை அது காட்டியது. ஏற்றத்தை மட்டுப்படுத்தும் எதுவும் அந்தக் கணக்கில் உதவி. ஃபிளாஷ் மெமரியில் தகவல் என்பது சிறைப்பிடிக்கப்பட்ட மின்னூட்டம். அது மெல்லக் கசியும். வெப்பம் கசிவை விரைவுபடுத்தும்.

டிரைவ் போய்விட்டாலும் ஆடி முடித்த கட்டங்கள் போகாது. அந்தப் பதிவுகளைச் சாதனம் தன் உள் சேமிப்பில்தான் வைத்திருக்கிறது. போவது டிரைவுக்குக் கொடுத்த பணமும், மறுபடி இறக்க வேண்டிய நூற்றுக்கணக்கான ஜிபியும். 2025 இறுதியிலிருந்து மெமரி சிப்களின் விலை உலகெங்கும் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பணம் சின்ன விஷயமல்ல. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குச் சில நூறு ரூபாய்க் காப்பு, அதுவும் இந்த வெயிலில். வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தகடு இல்லாததால் கெட்ட டிரைவ்களைவிட, தவறான தகடு வாங்கித் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நடந்தவர்கள் அதிகமாக இருப்பார்கள். பள்ளத்தின் அளவு கறார். தகடு உட்பட மொத்தத் தடிமன் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் அட்டைக்கு மேல் 8 மில்லிமீட்டர், கீழே 2.45 மில்லிமீட்டர் மட்டுமே இடம். அகலம் 25 மில்லிமீட்டருக்குள். கம்ப்யூட்டருக்கென்று செய்த, செப்புக் குழாயும் குட்டி விசிறியும் வைத்த கோபுரங்கள் இதில் நுழையாது. நுழைந்தாலும் மூடி மூடாது. மூடாவிட்டால் என்ன, திறந்தே இருக்கட்டும் என்று விடுவது சரியல்ல. சாதனத்துக்குள் காற்று எந்த வழியில் ஓட வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் அந்த மூடியையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தூசியும் ஒரு காரணம். மூடிக்குப் பதிலாகவே பள்ளத்தின் மேல் உட்காரும் அகலமான தகடுகளும் விற்கின்றன. அவற்றின் தர்க்கம் வேறு. அவை தாமே மூடியாகவும் இருக்கும்.

கீழே 2.45 மில்லிமீட்டர்தான் என்பது இரண்டு பக்கமும் சிப் வைத்த டிரைவ்களை வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். அதிகக் கொள்ளளவு உள்ளவற்றில் இப்படி வருவதுண்டு. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு என்று சாண்ட்விச் போல அணைக்கும் மாடல் அவற்றுக்கு நல்லது. ஆனால் அளவுநாடா இல்லாமல் வாங்கக் கூடாது. தகடு ஒட்டியே வரும் டிரைவ் என்றால் பெட்டியில் பிளேஸ்டேஷன் 5க்குப் பொருந்தும் என்ற குறிப்பைத் தேடினால் இந்தத் தலைவலி இல்லை. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்க்குள் இருந்தால் அதையே வாங்கிவிடலாம். வித்தியாசம் ஆயிரங்களில் இருந்தால் வெறும் டிரைவும் தனித் தகடும்.

தனியாக மாட்டும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. தகட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் ரப்பர் போன்ற ஒரு மெத்தைப் பட்டை வரும். உலோகமும் சிப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடு பள்ளம். இடையில் சிக்கும் காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு மோசம். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பட்டை. பட்டையின் இரு புறமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிட்டு, தகடு போட்டும் பலனில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இன்னொரு தவறு நேர்மாறானது: உரிக்கக் கூடாததை உரிப்பது. டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் நிறுவனத்தின் லேபிளைப் பிய்த்துவிட்டால் வெப்பம் நன்றாகக் கடக்கும் என்று யாராவது சொல்வார்கள். லேபிளில்தான் சீரியல் எண் இருக்கிறது. அது போனால் பல நிறுவனங்களில் உத்தரவாதமும் போகும். சில டிரைவ்களில் அந்த லேபிளே செப்பு இழை வைத்து வெப்பத்தைப் பரப்பச் செய்யப்பட்டது. பட்டையை லேபிளின் மேலேயே வைக்கலாம்.

மற்ற வேலைகள் சுலபம். சாதனத்தை ஓய்வு நிலையில் விடாமல் முழுவதும் அணைத்து, ஒயரைப் பிடுங்கி, ஆறவிட வேண்டும். பக்கப் பலகை, மூடியின் ஒரு ஸ்க்ரூ, உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூவும் வளையமும். வளையத்தை 80 மில்லிமீட்டர் அடையாளமிட்ட துளைக்கு மாற்றி, டிரைவைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து முடுக்க வேண்டும். தகட்டின் ஸ்க்ரூக்களை வெறியோடு இறுக்கினால் அட்டை வளையும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மூடி, இயக்கியதும் சாதனம் டிரைவை ஃபார்மட் செய்து அதன் படிக்கும் வேகத்தைத் திரையில் காட்டும். வெப்பநிலையை எங்கும் காட்டாது. அதனால் தகடு வேலை செய்கிறதா என்று வீட்டில் சரிபார்க்க வழியில்லை. சரியாகப் பொருத்தியிருக்கிறோம் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். டி.வி. ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் சாதனத்தைத் திணிக்காமல் நாலு பக்கமும் காற்று விட்டு வைப்பதும், ஏர்கூலரின் ஈரக்காற்று நேரே அதன் மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஆயிரம் ரூபாய்த் தகட்டைவிட உதவும். புது டிரைவுக்கு ஏழெட்டு விளையாட்டுகளை நகர்த்துவதை மே மாதப் பகலில் வைத்துக்கொள்ளாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டால் அறையே பத்து டிகிரி தள்ளுபடி தரும்.